இந்த நாக்கு பயன்பாட்டில் உள்ளது

கனகசெல்வியின் நாக்கு ஆஸ்திரேலியாவில் மாட்டிக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு.

அப்போது அவள் விருதுநகரில், தன் வீட்டு முன்னறையில், கணினிக்கு எதிரே உட்கார்ந்து மூன்றாவது எண்ணெய் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மட்டுமே பரோட்டா போடுகிற கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காலையிலேயே போடவைத்து வாங்கியது. திடீரென்று மின்சாரம் போய்த் திரை கறுத்தது. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். சரி, வேலை முடிந்தது, மிச்சத்தையாவது நாம் ருசித்துச் சாப்பிடுவோம் என்று ஒரு துண்டை வாயில் போட்டாள். ஈரத் துணியை மென்றது மாதிரி இருந்தது. இன்னொரு துண்டு போட்டாள். அதுவும் துணிதான். சால்னாவை விரலால் தொட்டு நக்கினாள். வெறும் தண்ணீர்.

அவள் வேலை அப்படிப்பட்டது. 'ருசித்தடம்' என்றொரு கம்பெனிக்காக நாக்கை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சையில் நாக்கைப் பறிகொடுத்தவர்கள், குழாய் வழியாகக் கஞ்சி ஏறுகிறவர்கள் என்று உலகம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்காக இங்கே ஒருவர் சாப்பிட வேண்டும். ருசி அங்கே போய்ச் சேரும். அதற்காகக் கனகசெல்வியின் நாக்குக்கு அடியில் கடுகளவில் ஒன்றைப் பதித்து, காதுக்குப் பின்னால் பொட்டு போல ஒரு தகடு ஒட்டியிருந்தார்கள். தகட்டில் ஒரு கம்பியைச் சொருகி, மறுமுனையைக் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் சொருகுவாள். அவ்வளவுதான். இனிப்பு, புளிப்பு, காரம், சூடு என்று எல்லாம் கடல் கடந்துவிடும்.

அவளுடைய வாடிக்கையாளர் மெல்போர்னில் இருக்கும் சபாபதி என்கிற ஓய்வுபெற்ற என்ஜினீயர். தொண்டையில் அறுவை சிகிச்சை என்று விண்ணப்பத்தில் இருந்தது. குரல் மட்டும் கணீரென்று இருக்கும். தினமும் காலை எட்டரைக்குப் பட்டியல் அனுப்புவார். ஒன்பதரைக்கு அந்தப் பக்கம் 'விடு' என்ற பொத்தானை அழுத்துவார். நாக்கு வீடு திரும்பும். பதினோரு மாதமாக இப்படித்தான். அதற்குள் கனகசெல்வி ஆறு கிலோ கூடியிருந்தாள். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக் கோட்டில் வந்து நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அல்வாவின் இனிப்பு மெல்போர்னுக்குப் போனது. சர்க்கரை விருதுநகரிலேயே தங்கிவிட்டது.

"ருசி அவுகளுக்கு, கொழுப்பு எனக்கு" என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா முத்துக்கனியின் மகளுக்கு வளைகாப்பு. அறுபது பேருக்கு ஐந்து வகைக் கலவைச் சாதம். சமையல் அவள் பொறுப்பு. கம்பெனியின் தொழில்நுட்ப ஆள் பிரிட்டோவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பென் டிரைவ் மாதிரி நெனச்சுக்கங்க" என்றான் பிரிட்டோ. "நீங்க இங்க சொருகுறீங்க, அது அங்க உள்ள கம்ப்யூட்டர்ல தெரியுது. அங்க தெரியிற வரைக்கும் இங்க தெரியாது. ஒரு சாமான் ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் இருக்கும்."

"கரண்டுதான் போயிருச்சே. கம்பியையும் உருவிட்டேன். இன்னும் எப்படி அங்கயே இருக்கு?"

"பாதியில அறுந்தா சாருக்குச் சாப்பாடு தடைபடுமில்ல? அதுக்காக அந்தத் தகடு உங்க போன் வழியா பேசிக்கிட்டே இருக்கும். நல்ல வசதிக்கா அது."

"யாருக்கு நல்ல வசதி?"

பிரிட்டோ பேச்சை மாற்றினான். "சார் அங்க 'விடு'ன்னு அழுத்துனா முடிஞ்சது" என்றான்.

"அழுத்தலைன்னா?"

"மேல இருந்து பிடுங்கணும். அதுக்குப் பெரிய ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும், திங்கக்கிழமைதான் நடக்கும். ஆனா பிடுங்குறது நல்லதில்லக்கா. போனை அணைக்கிறதும் பிடுங்குற மாதிரிதான். போன மாசம் திருச்சியில ஒருத்தருக்குப் பிடுங்குனோம். எல்லாம் வந்துருச்சு, இனிப்பு மட்டும் திரும்பி வரல."

அவள் சபாபதியைக் கூப்பிட்டாள். வழக்கம்போல ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நாலைந்து விநாடி இடைவெளி விழுந்தது. தூரத்து லைன், அப்படித்தான் இருக்கும் என்று முதல் மாதமே பழகிவிட்டிருந்தாள்.

"பொத்தான் வேலை செய்யலம்மா" என்றார். "அழுத்தி அழுத்திப் பார்த்துட்டேன். நீங்க கவலைப்படாம உங்க பாட்டுக்கு இருங்க. வழக்கமா என்ன சாப்பிடுவீங்களோ சாப்பிடுங்க."

அந்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. அவள் வீட்டுக்காரர் ரத்தினவேல் மிளகாய் வத்தல் மண்டியில் மேற்பார்வை பார்ப்பவர். மனைவி முகம் வாடியிருப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, சாயங்காலம் தானே சாம்பார் வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அது இரண்டாவது முறை. கனகசெல்வி ஒரு வார்த்தை பேசாமல் மூன்று கரண்டி ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தாள். ரத்தினவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மொத தடவை வச்சப்போ தட்டைத் தள்ளிவிட்ட. இன்னிக்கு மிச்சமே வைக்கல!"

"நாக்கு இல்லைங்க" என்றாள் அவள்.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வைப்பதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை சபாபதியே கூப்பிட்டார். குரலில் ஓர் உற்சாகம்.

"ஏம்மா, காலையில பழைய சோத்துக்கு என்னமோ ஊறுகாய் தொட்டீங்களே, நார்த்தங்காயா? எத்தனை நாள் வெயில்ல காய வச்சது? அப்புறம் அதுக்கு முன்னாடி... பல் தேய்ச்சீங்க இல்ல? அது என்ன பல்பொடி, கிராம்பு போட்டதா?"

கனகசெல்வி போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. பொத்தான் வேலை செய்யலையா, நீங்க அழுத்தலையா?"

இடைவெளி. வழக்கத்தைவிட நீளமாக விழுந்தது.

"பார்க்கிறேம்மா" என்று வைத்துவிட்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த நாக்கை வைத்துக்கொண்டு மனுஷர் அவள் வாழ்க்கை முழுவதையும் நக்கிக்கொண்டிருக்கிறார். பல்பொடி வரைக்கும்! உடம்பெல்லாம் கூசியது. அடுத்த நிமிடம் அந்தக் கூச்சம் கோபமாக மாறியது. அதற்கடுத்த நிமிடம், சமையலறை அலமாரியைப் பார்த்தபோது, அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு படர்ந்தது. நாக்கு அவரிடம்தானே இருக்கிறது? வாய் இவளிடமல்லவா இருக்கிறது!

முதலில் பச்சைப் பாகற்காய். விதையோடு, தோலோடு, வெள்ளரிக்காயைக் கடிப்பது போலக் கடித்துத் தின்றாள். அவளுக்குத் தண்ணீர்க் காயைத் தின்றது போலத்தான் இருந்தது. பிறகு ஒரு கைப்பிடி வெந்தயம். பிறகு வேப்பெண்ணெயில் ஒரு துளி. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தாள்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"நல்லா இருக்கேம்மா" என்றார் சபாபதி. குரலில் ஒரு கமறல்கூட இல்லை.

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. ரத்தினவேலைக் கூப்பிட்டாள். "மண்டியில இருந்து அந்தக் குண்டு வத்தல் கொண்டாந்தீங்களே, எடுத்துட்டு வாங்க."

"அது எதுக்கு? மூட்டையைப் பிரிச்சப்பவே ரெண்டு பேரு தும்மித் தும்மி வெளிய ஓடிட்டாங்க."

"அதான் வேணும்."

ஐந்து வத்தலை எடுத்து, விதை சிந்தாமல் மென்றாள். ரத்தினவேல் சுவரோரம் ஒதுங்கி நின்று, பாம்பாட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார். கனகசெல்வியின் கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இப்ப எப்படி இருக்கு சார்?"

"இப்பவா? ஏன், நல்லாத்தானே..."

பின்னால் ஏதோ கண்ணாடிப் பாத்திரம் உடைந்து சிதறிய சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மனிதக் குரல் மாதிரியே இல்லாத, கரகரவென்ற ஒரு கூவல். தடதடவென்று ஓடுகிற காலடி. குழாய் திறக்கும் சத்தம். சபாபதி, "குமுதா! என்னாச்சு குமுதா!" என்று அலறினார். அந்தக் கரகரப்பு ஏறி ஏறி, கடைசியில் விக்கி விக்கி வேறொன்றாக மாறியது. யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கனகசெல்வி எழுந்து நின்றுவிட்டாள். "சார், யார் அது? என் நாக்கு யார்கிட்ட இருக்கு?"

இந்த முறை இடைவெளி இல்லாமல் பதில் வந்தது. "என் சம்சாரம்மா. குமுதவல்லி. அவளுக்குத்தான் நாக்கு இல்ல. புற்று. எடுத்துட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப விண்ணப்பத்துல உங்க பேரு..."

"பயன்படுத்துறவங்க தினமும் வாயால சம்மதம் சொல்லணும்னு உங்க கம்பெனியில சட்டம். வாய் பேச முடியாதவ எப்படிச் சம்மதம் சொல்லுவா? அதான் என் பேர்ல போட்டேன். அவ எழுதிக் காட்டுவா, நான் படிச்சுச் சொல்லுவேன். உப்பு கம்மி, புளி ஜாஸ்தின்னு நான் சொன்னதெல்லாம் அவ சொன்னதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "அவ சிரிச்சு ரெண்டு வருஷமாச்சும்மா. என்னத்தைத் தின்னீங்க நீங்க?"

"குண்டு வத்தல் சார்" என்று சொல்லிவிட்டுக் கனகசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் வத்தல் வயிற்றில் இறங்கித் தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

அரை மணி நேரம் கழித்து, ஒரு சொம்பு மோரோடு அவள் சுருண்டு படுத்திருந்தபோது போனில் ஓர் எழுத்துச் செய்தி வந்தது.

"நான் குமுதவல்லி. பொத்தான் என்னிடம்தான் இருந்தது. அவரைத் திட்டாதீர்கள். பதினோரு மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம் எனக்கு விருந்து. ஆனால் விருந்து முடிந்ததும் இருபத்துமூன்று மணி நேரம் ஒன்றுமே இல்லை. நேற்று கரண்ட் போனதும் உங்கள் பரோட்டா பாதியில் நின்று, கடைசியாக இரண்டு துண்டு வந்து, அப்புறம் வெறும் தண்ணீர் வந்தது. செம்புப் பாத்திரத்துத் தண்ணீர். அதற்கும் ஒரு ருசி இருந்தது என்பதையே நான் மறந்திருந்தேன். அப்புறம் ஆறிப்போன காபி, தூக்கம், பல்பொடி. என்னால் விட முடியவில்லை. செய்தது திருட்டு. பாகற்காய்க்கும் வத்தலுக்கும் நான் தகுதியானவள்தான். வேப்பெண்ணெய் மட்டும் கொஞ்சம் அதிகம். நேற்று ராத்திரி சாம்பார் வைத்தது யார்? அவரையும் மன்னித்துவிட்டேன். இப்போது விடட்டுமா?"

கனகசெல்வி அதை இரண்டு முறை படித்தாள். ரத்தினவேலிடம் கடைசி வரிகளைக் காட்டாமல் போனைத் திருப்பி வைத்தாள். வயிறு எரிந்தாலும் கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் அவளைச் சுட்டதே தவிர, எடுத்ததைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டச்சு செய்தாள்.

"அம்மா, நாளைக்கு எங்க வீட்ல வளைகாப்பு. அறுபது பேருக்குச் சாதம் கிளறணும். மத்தியானம் வரைக்கும் வச்சுக்கங்க. ஆனா சும்மா இல்ல. உப்பு, புளி, காரம் பார்த்துச் சொல்லணும். சமைப்பீங்களா?"

உடனே பதில் வந்தது. "முப்பத்தாறு வருஷம் சமைத்தவள். அடுப்பைப் பற்ற வையுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே முத்துக்கனி வீட்டுக் கொல்லையில் அடுப்பு எரிந்தது. கனகசெல்வி போனை முருங்கை மரக் கிளையில் கட்டிவைத்திருந்தாள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சொட்டோ ஒரு பருக்கையோ எடுத்து நாக்கில் வைப்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு விநாடியில் திரை பளிச்சிடும்.

"புளி பச்சை வாசம் போகவில்லை. இன்னும் கொதிக்கட்டும்."

"எலுமிச்சைக்கு உப்பு அரைக் கரண்டி. குவித்து அல்ல, தட்டி."

"தேங்காய்ச் சாதம் அற்புதம். கையை எடுங்கள், கெடுத்துவிடாதீர்கள்."

முத்துக்கனி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி, போனைப் பார்த்துப் பார்த்துக் கிளறுற? இத்தனை வருஷம் சமைச்சவளுக்கு இப்ப வீடியோ பார்த்துச் சமைக்கத்தான் தெரியுதா?"

"வீடியோ இல்லக்கா. துணைக்கு ஆள் வச்சிருக்கேன்."

"ஆளையே காணோமே!"

"மெல்போர்ன்ல இருக்காங்க."

முத்துக்கனி தங்கையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

தயிர்ச்சாதம் கிளறும்போது இருவருக்கும் பேச்சு வளர்ந்துவிட்டது. குமுதவல்லி தன் கணவரைப் பற்றி எழுதினாள். நல்ல மனுஷர், ஆனால் நாக்கு நீளம். அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரமே இத்தாலிக்காரன் கடையில் உட்கார்ந்து பீட்சா தின்றுவிட்டு வந்தவர். வந்து, அழுதுகொண்டே அதன் ருசியை அவளுக்கு வர்ணித்தவர்.

கனகசெல்வி சிரித்துக்கொண்டே, அதிகம் யோசிக்காமல் தட்டச்சு செய்தாள். "அப்புறம் ஏம்மா இவ்வளவு தூரத்துல இருந்து என் நாக்கு? சாருக்கே ஒரு தகடு ஒட்டி, அவர் நாக்கையே நீங்க போட்டுக்கலாமே? கம்பி போட்டா வேலை முடிஞ்சது. கடலும் இல்ல, கரண்டு கவலையும் இல்ல."

"முடியாதாம். பெண்ணுக்குப் பெண் நாக்குதான் பொருந்துமாம். ஆண் நாக்கு ஒத்துக்கொள்ளாதாம். அவர் விசாரித்துவிட்டுச் சொன்னார்."

கனகசெல்வி துடுப்பைக் கீழே வைத்தாள். "யார் சொன்னது? எங்க கம்பெனியில பாதிப் பேர் ஆம்பளைங்க. மதுரையில ஒரு மீசைக்காரர் இருக்காரு, லண்டன்ல இருக்குற மூணு பாட்டிகளுக்கு மாத்தி மாத்தி அவர் நாக்குதான்."

திரையில் ஒன்றும் வரவில்லை. தயிரில் கடுகு தாளித்துக் கொட்டினாள். ஒரு பருக்கை எடுத்து வாயில் வைத்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை. பெருங்காயம் தூவினாள். மாதுளை முத்து போட்டாள்.

வெகுநேரம் கழித்து ஒரே ஒரு சொல் வந்தது.

"அப்படியா?"

அந்தச் சொல்லைப் பார்த்ததும் கனகசெல்விக்குச் சபாபதியின் மேல் பரிதாபம் வந்தது. இதே சொல்லை இதே மாதிரி அவளும் ரத்தினவேலிடம் சில சந்தர்ப்பங்களில் சொல்லியிருக்கிறாள்.

வளைகாப்பு அமர்க்களமாக நடந்தது. தேங்காய்ச் சாதம் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி இரண்டு முறை வந்து கைப்பக்குவம் கேட்டுவிட்டுப் போனாள். கடைசிப் பந்தியில், மணி இரண்டுக்கு, கனகசெல்வி இலை போட்டு உட்கார்ந்து தயிர்ச்சாதத்தை அள்ளி வாயில் வைத்தாள். துணி. இரண்டாவது கவளம். துணி. மூன்றாவது கவளத்தின் பாதியில், யாரோ அறைக்குள் விளக்கைப் போட்டது போல, புளிப்பும் குளிர்ச்சியும் இஞ்சியும் பெருங்காயமும் ஒன்றாக வந்து இறங்கின. அவள் வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இலைக்காரி, "என்ன செல்வி, கல்லைக் கடிச்சுட்டியா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

மாலையில் ரத்தினவேல் வாக்குத் தவறாமல் சாம்பார் வைத்தார். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

திங்கட்கிழமை பிரிட்டோ புகார்ப் படிவத்தோடு வந்தான். அத்துமீறிய பயன்பாடு, ஆள் மாறாட்டம் என்று இரண்டு கட்டங்களில் ஏற்கெனவே குறியிட்டு வைத்திருந்தான். "கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. நஷ்ட ஈடு வரும். அந்த வீட்டுக்கு இனி யாரும் நாக்கு கொடுக்க மாட்டாங்க."

"கரண்டு போச்சு, லைன் தொங்கிருச்சு, அப்புறம் சரியாயிருச்சு. அவ்வளவுதான் தம்பி நடந்தது" என்று படிவத்தை அவனிடமே கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் மெல்போர்னிலிருந்து பட்டியல் எதுவும் வரவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் எட்டரைக்குக் கம்பியைச் சொருகிக் காத்திருந்துவிட்டு எழுந்து இட்லி தின்னப் போனாள். தன் இட்லியைத் தானே ருசிப்பது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலை போய்விடுமோ என்றும் இருந்தது. வியாழக்கிழமை பிரிட்டோ போன் செய்தான்.

"அக்கா, அடுத்த மாசத்துல இருந்து உங்களுக்கு வேற ஆளு. துபாய்ல ஒரு டிரைவர், விபத்துல அடிபட்டவரு. வெறும் ரசஞ்சாதம் போதுமாம். சர்க்கரையும் இறங்கிரும் உங்களுக்கு. சபாபதி சார் வீட்ல சேவையை நிறுத்திட்டாங்க. அவுக கூடச் சண்டை எதுவும் போட்டீங்களா?"

"இல்லையே. காரணம் என்ன போட்டிருக்கு?"

"யாரோ குமுதவல்லின்னு ஒரு அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவன் நிதானமாக வாசித்தான். "'உள்ளூரிலேயே கருவி கிடைத்துவிட்டது.'"

கனகசெல்வி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் பிரிட்டோ மறுபடி பேசினான்.

"கீழ இன்னும் ஒரு வரி இருக்குக்கா. எனக்கு ஒண்ணும் விளங்கல. 'கருவி காலையிலிருந்து முரண்டு பிடிக்கிறது. பாகற்காய் கொடுத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.'"